நின்றவர்க்கு இருக்கை தந்தது எது?

உழைப்பவன் உயர்வான், சங்கம் சேர்பவன் சண்டைதான் வளர்ப்பான் என்னும் பேச்சு நம்மவரிடையே, அதிலும் வணிகக் குடும்பத்தாரிடையே, நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கடைப் பையனாய் நுழைந்து, பின்னர்த் தாமே கடைக்கு உரியவராய் உயர்ந்த பெரியவர்கள் நம்மில் பலர் உளர். அவர்தம் உழைப்பை நாம் மதிக்கின்றோம். முயற்சியைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால், அவ்வுயர்வை எடுத்துக்காட்டித் தொழிலாளர் ஒன்றுசேர்வதே தீது என்று முடிவு கட்டுகின்றார்களே, அந்த முடிவைத்தான் நாம் மறுக்கின்றோம்.

தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவுக்கும் உஸ்மான் சாலைக்கும் பெருநாள் துணி எடுக்கச் செல்லாத குடும்பம் சென்னையில் அரிது. அங்கே சேலைகளை விரித்துக் காட்டும் இளம் பெண்களுள் பலர் தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். வாங்க வருவோர்க்கு இருக்கை உண்டு, விற்று நிற்போர்க்கு இல்லை என்பதே பல்லாண்டு வழக்கமாய் இருந்தது. ஆள் வராத வேளையிலும் அமர்தல் கூடாது. கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் சம்பளத்தோடு சேர்ந்து வந்தன.

இப்பொழுது நாம் கேட்கின்றோம்: இக்குறை தனி முயற்சியால் தீருமா? நன்றாக உழைக்கும் பெண் அவ்வுழைப்பினாலேயே ஒரு முக்காலியை ஈட்டிவிடுவாளா? மாட்டாள். சலிக்காமல் நிற்பவளே நல்ல வேலைக்காரி என்று பெயர் பெறுவாள். அவள் முயன்றால் மேற்பார்வையாளர் ஆகலாம். வேறு வேலைக்குப் போகலாம். அல்லாஹ் நாடினால் தானே ஒரு கடையும் வைக்கலாம். ஆனால் அவள் விட்டுச் சென்ற இடத்தில் அடுத்த பெண் வந்து நிற்பாள். தனி முயற்சி ஒருவரை அவ்விடத்திலிருந்து விடுவிக்கும், அவ்விடத்தை மாற்றாது. நூறு பேர் வேலை செய்யும் கடையில் நூறு பேரும் முதலாளியாதல் எங்ஙனம்?

மாற்றத்துக்கு வழி திறந்தது எது என்பதை நாடறியும். கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி என்னும் பெண்மணி, கழிப்பிடம் செல்லவும் வசதியின்றி வாடிய கடைப் பெண்களைப் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பில் திரட்டினார். பெரிய தொழிற்சங்கங்கள் தம்மைக் கருதவில்லை என்று கண்டு, அப்பெண்கள் தமக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். பல்லாண்டுப் போராட்டத்தின் பயனாக, கடைப் பணியாளர்க்கு இருக்கை அளிப்பதைக் கேரள அரசு 2018ஆம் ஆண்டில் சட்டமாக்கியது. அதன் பின்னரே, 2021 செப்டம்பரில், தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது.

சென்னைக்கு இவ்வுண்மை புதிதன்று. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றியது. அதன் தலைவராய் அமர்ந்தவர் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியா. அவருக்குத் துணை நின்றவர், இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் முன்னர்த் தமிழாசிரியராய் இருந்த திரு. வி. க. நண்பகல் உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அன்றைய முறையீடுகளுள் ஒன்று. அதனை ஒரு தொழிலாளி தனித்துச் சென்று கேட்டிருப்பின், ஆலை வாயிலுக்கு வெளியேதான் அவன் நின்றிருப்பான்.

முதலாளிமாராவது தனித்து நிற்கின்றனரா? சென்னை வர்த்தக சபை 1836ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது. அஃது அத்தொழிலாளர் சங்கத்துக்கு 82 ஆண்டுகள் மூத்ததாகும். இன்றும் தமிழ்நாட்டு வணிகர்கள் மே 5ஆம் நாளை வணிகர் தினமாகக் கொண்டு மாநாடு கூட்டுகின்றனர். அது முறையே, குறை கூறோம். ஆனால், வரியைக் குறைக்க வணிகர் கூடினால் அது ஒற்றுமை, இருக்கை கேட்டுப் பணியாளர் கூடினால் அது குழப்பம் என்பது எவ்வகை நியாயம்?

‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கையை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கு வாங்கிய மக்காவின் ஆஸ் இப்னு வாயில் அதன் விலையைக் கொடுக்க மறுத்தான். அவ்வணிகர் தனியே பலரிடம் முறையிட்டார், பயனில்லை. அபூகுபைஸ் மலைமீதேறிக் குரல் எழுப்பினார். அதன் பின்னர்க் குறைஷிக் குலத்தார் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, அநீதிக்கு ஆளானவர் எவராயினும் அவர் பக்கம் ஒன்றாய் நிற்போமென உறுதி பூண்டனர். உரிய பொருளையும் மீட்டுத் தந்தனர். நபித்துவத்திற்கு முன் அதில் பங்குகொண்ட நம் நாயகம் (ஸல்) அவர்கள், பின்னரும் அதனைப் போற்றியே பேசினார்கள். அவ்வணிகரிடம் முயற்சிக்கா குறைவு? குறைந்தது துணையன்றோ?

சங்கங்களில் கட்சிப் பூசல் உண்டு, தன்னலத் தலைவர் உளர் என்பார்க்கு நம் விடை இது: உண்டுதான். ஜமாஅத்தில் பிணக்கு நேர்கின்றது என்பதற்காக ஜமாஅத்தே வேண்டாம் என்கின்றோமா? பிணக்கைத் தீர்க்க முயல்கின்றோம். சங்கத்தின் பிழையைத் திருத்தும் வழியும் அதனுள் நல்லோர் சேர்வதே.

சட்டம் வந்துவிட்டது, ஆயினும் ஏட்டிலுள்ள இருக்கையில் எவரும் அமர முடியாது. கல்லாவில் அமர்ந்திருக்கும் சகோதரர்களே, அதிகாரி வந்து கேட்குமுன் உங்கள் கடையில் இருக்கை போடுங்கள். அதில் அமர்ந்தவரைக் கடிந்து எழுப்பாதீர்கள். பிள்ளைகளைக் கடை வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரே, நேர்மையாய் உழைக்குமாறு அவர்களுக்குச் சொல்லுங்கள். உடன் உழைப்போரோடு சேர்ந்து உரிமை கேட்பதைத் தடுக்காதீர்கள்.