பத்தே முக்கால் கோடியும் அப்பாவோட தூக்குவாளியும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை அடிக்காமக் கிடக்கு. கிரிக்கெட் பத்தி இனி எழுத மாட்டேன்னு போன தடவை சபதம் வேற போட்டிருந்தேன். சபதமெல்லாம் மீறுறதுக்குத்தானே :-)

விஷயத்துக்கு வருவோம். 2025 ஐபிஎல் நடந்துக்கிட்டிருந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை. ராஜபாளையத்துல வேலை முடிஞ்சு பஸ்ஸை விட்டு இறங்கினா நேரா அங்கதான் போவேன். ஒரு டிவி, நாலு பெஞ்சு, நாட்டுல உள்ள எல்லா கேப்டனுக்கும் புத்தி சொல்ற ஆளுங்க பத்துப் பேர். அன்னிக்கு டெல்லி மேட்ச். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் அன்னிக்கும் ஆடலை.

2024 நவம்பர்ல ஜெட்டாவுல நடந்த ஏலத்துல டெல்லி அவரை எடுத்த விலை 10.75 கோடி. சீசன் முடிஞ்சு கணக்குப் பாத்தா அவர் ஆடினது ரெண்டே ரெண்டு மேட்ச். விக்கெட் பூஜ்யம். அன்னிக்கு நான் டீ கிளாஸும் கையுமா சத்தமாவே சொன்னேன்: "பத்தே முக்கால் கோடி வாங்கிட்டு பெஞ்சைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. இப்படி ஒரு வேலை நமக்குக் கிடைக்குமா மாப்ள?"

கடையே சிரிச்சுது. கூட வந்திருந்த அப்பா மட்டும் சிரிக்கலை.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டார். "அந்தப் பையன் ஆட மாட்டேன்னு சொன்னானா?"

"இல்லப்பா. டீம்ல எடுக்கலை."

"வந்து நிக்கிறான்ல?"

"நிக்கிறார்."

"அப்புறம் என்ன? நிக்கிறதுக்குக் கூலி குடுக்காங்க. குடுக்கட்டும்."

அதுக்கு மேல அவர் பேசலை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரலை. ஏன்னு சொல்லணும்னா ஒரு பழைய கதை சொல்லணும்.

அப்பா ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல பதினோரு வருஷம் பதிலி. மில்லு ஊர்ல பொறந்தவங்களுக்கு விளக்க வேண்டாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன். பதிலின்னா நிரந்தரத் தொழிலாளி எவனாவது லீவு போட்டா அவன் இடத்துல வேலை பாக்குற ஆள். யாரு லீவுன்னு முன்கூட்டி தெரியாது. அதனால தினமும் ஷிப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுல போய் நிக்கணும். பேரைக் கூப்பிட்டா உள்ளே. இல்லைன்னா திரும்ப பதினோரு கிலோமீட்டர் வீட்டுக்கு. நின்னதுக்குக் காலணா கிடையாது, பஸ் சார்ஜ் வேற தண்டம்.

அப்பா தெருமுனை திரும்பும்போதே அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். தூக்குவாளி காலியா இருந்தா கையில ஆடிக்கிட்டு வரும். சோறு அப்படியே இருந்தா ஆடாது. ஆடாத நாள்ல நாங்க பிள்ளைங்க வாயைத் திறக்க மாட்டோம். அந்தச் சோத்தை மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

அப்புறம் அவரை நிரந்தரம் பண்ணாங்க. அன்னிக்கு அம்மா ஆண்டாள் கோவிலுக்குப் போயிட்டு வரும்போது அரைக் கிலோ பால்கோவா வாங்கிட்டு வந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுல அரைக் கிலோங்கறது அதுதான் முதல் தடவை. கூலி ஒண்ணும் பெரிசா ஏறலை. நாளைக்கு உண்டுங்கற உறுதி வந்துச்சு, அவ்வளவுதான். 1947-ம் வருஷத்து தொழில் தகராறு சட்டத்துல லே-ஆஃப்னு ஒரு சமாச்சாரம் இருந்துச்சு. பஞ்சு இல்லைன்னோ மெஷின் ரிப்பேருன்னோ மில்லு வேலை குடுக்க முடியாம நின்னா, ஒரு வருஷம் முடிச்ச நிரந்தரத் தொழிலாளிக்குப் பாதிக் கூலி. பதிலிக்கு அந்தப் பாதியும் இல்லை.

அந்தப் பாதிக் கூலியைக் கையில வாங்கினப்ப நான் கேலியா கேட்டேனா, "சும்மா இருந்ததுக்குக் காசாப்பா"ன்னு? கேக்கலை. அப்போ நடராஜனை மட்டும் ஏன் கேட்டேன்?

ஐபிஎல் ஒப்பந்தமும் அடிப்படையில இந்தக் கேட்டு விவகாரம்தான். சீசன் பூரா ஆடத் தயாரா இருந்தா, ஆடினாலும் ஆடாட்டியும் ஏலத் தொகை முழுசா வந்துரும். டீம்ல எடுக்கிறதும் எடுக்காததும் அவங்க இஷ்டம். ஆனா இந்த உறுதி ரொம்ப நீளம் கிடையாது. ஒவ்வொரு சீசன் முடிவுலயும் கழட்டி விடலாம். வெங்கடேஷ் ஐயரைப் பாருங்க. கொல்கத்தா 23.75 கோடிக்கு எடுத்துச்சு. 2025-ல 11 மேட்ச், 142 ரன். வருஷக் கடைசியில விட்டுட்டாங்க. டிசம்பர் ஏலத்துல பெங்களூரு எடுத்தது 7 கோடிக்கு. ஒரே வருஷத்துல விலை மூணுல ஒரு பங்குக்கும் கீழ. இதைப் போய் 'உக்காந்து தின்னுறான்'னா என்ன அர்த்தம்?

சரி, முழு உறுதி எப்படி இருக்கும்? அதுக்கு அமெரிக்கா பேஸ்பால் பக்கம் போகணும். பால்டிமோர் ஓரியோல்ஸ்னு ஒரு டீம். கிறிஸ் டேவிஸ்னு ஒரு ஆட்டக்காரர். 2013-ல 53 ஹோம் ரன், 2015-ல 47. நம்ம கணக்குல சொன்னா சிக்ஸர் மன்னன். 2016 ஜனவரியில ஏழு வருஷத்துக்கு 161 மில்லியன் டாலர் பேசிக் கையெழுத்துப் போட்டாங்க. கொஞ்ச நாள்ல மட்டை மறந்து போச்சு. 2018-ல சராசரி .168. அந்த சீசன் கடைசியில ஆரம்பிச்சு 2019 ஏப்ரல் வரைக்கும் வரிசையா 54 தடவை மட்டையோட நின்னு ஒரு ஹிட் கூட இல்லை. அது ஒரு சாதனையாவே பதிவாச்சு, பாவம். ஆனா காசு நிக்கலை. அங்கே கையெழுத்துன்னா கையெழுத்துதான். அவர் 2021-ல ஓய்வு பெற்றுட்டார். தள்ளிப் போட்ட தவணை 2037 வரைக்கும் போயிக்கிட்டே இருக்கும்.

"பகல் கொள்ளை"ன்னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. ஆனா அங்கே புதுசா வர்றவனுக்கு முதல் ஆறு வருஷம் வேற டீமுக்கு விருப்பப்படி போற சுதந்திரம் கிடையாது. அதுலயும் முதல் மூணு வருஷம் டீம் குடுக்கிறதுதான் சம்பளம். உடம்புல தெம்பு இருக்கிற வயசுல கம்மியா வாங்கி, பின்னாடி மொத்தமா வாங்குறான். வயசாகி ஆட்டம் போனதும் ஒப்பந்தத்தைக் கிழிக்கலாம்னா, இளமையில அவன் விட்டதை யார் திருப்பிக் குடுப்பா?

நம்ம ஊர்லயே இன்னொரு உதாரணம், வருண் சக்கரவர்த்தி. 20 லட்சம் அடிப்படை விலை, 2019-க்கான ஏலத்துல பஞ்சாப் 8.4 கோடி குடுத்துச்சு. ஈடன் கார்டன்ல முதல் மேட்ச், முதல் ஓவர்லயே 25 ரன். அப்புறம் விரல்ல காயம். மொத்த சீசனும் அந்த ஒரே மேட்ச்தான். சிரிச்சவங்க எத்தனை பேர்! பஞ்சாப் விட்டுட்டாங்க, கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்துச்சு. 2020-ல 17 விக்கெட். 2024-ல கொல்கத்தா கோப்பை ஜெயிச்சப்ப 21. 2025 சாம்பியன்ஸ் டிராபியில நியூசிலாந்துக்கு எதிரா அஞ்சு விக்கெட். 2019-ல டீக்கடையில தீர்ப்பு எழுதினவங்க யாரும் அப்புறம் வந்து தீர்ப்பைத் திருத்தலை. நானும்தான்.

ரிஷப் பந்த் கதை உங்களுக்கே தெரியும். 27 கோடி, ஐபிஎல் சரித்திரத்துல அதுக்கு முன்னாடி யாருக்கும் குடுக்காத விலை. 2025-ல முதல் 12 இன்னிங்ஸ்ல மொத்தம் 151 ரன். ஒரு ரன்னுக்கு எத்தனை லட்சம்னு ஆளாளுக்குக் கணக்குப் போட்டோம். கடைசி மேட்ச்ல 118 அடிச்சப்ப பாதிப்பேர் டிவியையே பாக்கலை. அந்த 27 கோடி அவர் கேட்ட விலையா? டீம்கள் போட்டி போட்டதுல வந்து நின்ன விலை. ராஜபாளையம் நாய்க்குட்டியை ரெண்டு பணக்காரங்க போட்டி போட்டு வாங்கினா, விலை எகிறினதுக்குக் குட்டியைக் கடிஞ்சுக்குவீங்களா?

இதுல எனக்கே பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. கேட்டுல நின்ன மனுஷனையும் கோடீஸ்வரனையும் ஒரே தராசுல வைக்கலாமா? வைக்கக் கூடாதுதான். அப்பா ஆயுசு பூரா வாங்கினதெல்லாம் சேர்த்தாலும் பத்தே முக்கால் கோடிக்குப் பக்கத்துல கூட வராது. ஆனா ஒண்ணு. 2023-ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போச்சு. நடராஜனுக்குக் குடுக்கலைன்னா அந்தப் பத்தே முக்கால் கோடி முதலாளிகிட்ட நிக்குமே தவிர, எங்கப்பா தூக்குவாளிக்குள்ள வந்து விழாது.

இன்னொரு கேள்வி, உறுதி குடுத்தா மனுஷன் சோம்பேறி ஆயிர மாட்டானா? பொய் சொல்ல மாட்டேன். நிரந்தரம் ஆனதும் பஞ்சுப் பொதிக்குப் பின்னாடி படுத்துத் தூங்குன ஆளுங்க இருந்தாங்கன்னு அப்பாவே சொல்லியிருக்கார். ஆனா சேர்த்து இன்னொண்ணும் சொல்வார். "தூங்குறவன் பதிலியா இருக்கும்போதும் தூங்கினவன்தான்." தவிர, ஃபார்ம் போறதும் சோம்பலும் ஒண்ணு இல்லை. 2025-ல இருந்து ஆடுற ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தனியா 7.5 லட்சம் குடுக்கிறாங்க. பெஞ்சுல உக்காந்தவருக்கு அது கிடையாது. யாரும் ஆசைப்பட்டு உக்கார மாட்டாங்க.

நடராஜனை டெல்லி 2026-க்கும் வச்சுக்கிட்டாங்கன்னு செய்தி வந்த அன்னிக்கு அப்பாகிட்ட சொன்னேன். "நல்லது"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆடலைன்னா அந்தப் பையன் வீட்டுலயும் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க, இல்ல?"ன்னு கேட்டார்.

நான் பதில் சொல்லலை. டீக்கடைக்கு இப்பவும் போறேன். மேட்ச் பாக்குறேன், கேப்டன்களுக்குப் புத்தியும் சொல்றேன். பெஞ்சுல இருக்கிறவனைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கிறதில்லை.

டிஸ்கி: பஞ்சாப் ரசிகர்கள் மன்னிக்கவும். கொல்கத்தா ரசிகர்கள் ரொம்ப ஆடவும் வேண்டாம்.