அறிவுக்கு மட்டும் ஒரே வழியா?

திருச்செங்கோட்டு மலைக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மற்றொன்று, மோட்டார் ஏறும் சாலை. காலிலே வலுவுள்ளவர் படியேறுகிறார். இயலாதவர் வண்டியிலே போகிறார். "எல்லோரும் படியேறித்தான் வரவேண்டும், முடியாதவன் அடிவாரத்திலேயே நிற்கட்டும்" என்று எவரும் சொல்லவில்லை. ஆண்டவனைக் காண இரண்டு வழிகள்! அறிவைப் பெறமட்டும் ஒரே வழி, அதுவும் படிக்கட்டு வழி என்றால், அது நீதியா தோழர்களே?

கணினி வழிக் கல்வியைப் பற்றித்தான் சொல்கிறேன். "இனிக் கல்லூரி வாசலைத் தேடி அலைய வேண்டாம், வீட்டிலே இருந்தபடியே பாடம் கேட்கலாம்" என்றார்கள். 2017-ல் மத்திய அரசின் 'சுவயம்' வந்தது. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது: ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியே படிக்கலாம், மதிப்பெண்ணும் பட்டத்திலே சேரும் என்று. ஆகவே இது பொழுதுபோக்கு அல்ல. பட்டத்தையே தீர்மானிக்கும் படிப்பு.

நல்லதுதான். நாமும் வரவேற்கிறோம். ஆனால், வரவேற்பு வளைவைக் கட்டியவர்கள் வாசலைத் திறந்தார்களா?

கண் தெரியாத மாணவி ஒருத்தி கணினிமுன் உட்காருகிறாள். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள் அவளிடம் இருக்கிறது. 'என்விடிஏ' என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவிலே, பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கி வைத்தது, காசில்லாமல் கிடைப்பது, தமிழையும் படித்துக் காட்டுவது. கருவி இருக்கிறது, கற்கும் ஆர்வம் இருக்கிறது. தடை எங்கே?

பாடக்குறிப்பைப் படம்பிடித்து ஏற்றி விடுகிறார்கள். மென்பொருளுக்கு அது எழுத்தல்ல, வெறும் படம். பழைய எழுத்துருவிலே அடித்துப் போடுகிறார்கள். அவள் காதிலே விழுவது தமிழல்ல, பொருளற்ற ஓசை. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்து விட்டது. அறிவித்த தரம் ஒவ்வொரு பாடக்குறிப்புக்கும் வந்து சேர வேண்டாமா? பாடம் நடத்துபவரோ, "இதைப் பாருங்கள், இதை அதோடு கூட்டுங்கள்" என்கிறார். எதை? எதோடு? பார்க்கிறவனுக்குப் புரியும், கேட்கிறவளுக்கு?

காது கேளாத மாணவன் நிலை இன்னொரு விதம். வாய் அசைகிறது, சொல் தெரியவில்லை. பேச்சைத் திரையின் அடியிலே எழுத்தாக ஓடவிட்டால் போதும், அவன் வகுப்பிலே ஒருவனாகி விடுவான். கை மெதுவாக இயங்குபவன் விடையை எழுதி முடிக்குமுன், தேர்வுக் கடிகாரம் தானே கதவைச் சாத்தி விடுகிறது!

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர்கல்வி நிலையங்களிலே 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் தருகிறது. தேர்விலே கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித்தர உதவியாளரும் வேண்டும் என்கிறது. 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகம் அனைவருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8-ல் உச்சநீதிமன்றம், அணுகல் தரம் வெறும் அறிவுரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக்கு என்றது. 2025 ஏப்ரல் 30-ல் இன்னும் ஒருபடி மேலே போய், கணினி வழிச் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றது. இடம் கொடுத்துப் பாடத்தைக் கொடுக்காவிட்டால், இலை போட்டுச் சோறு போடாத பந்தி அல்லவா அது?

"கல்லூரிக்கு நாலைந்து பேர், அவர்களுக்காக இவ்வளவு செலவா?" என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்கையே பார்ப்போம். 2011 குடிமதிப்புப்படி தமிழ்நாட்டிலே மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். கல்லூரியிலே நாலைந்து பேர்தான் என்றால், மற்றவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது எது என்றல்லவா கேட்க வேண்டும்? மேலும், திரையடியிலே ஓடும் எழுத்து காது கேளாதவனுக்கு மட்டுமா பயன்படும்? தமிழிலே படித்துவிட்டு வந்து, வேகமான ஆங்கிலப் பேச்சைப் பிடிக்க முடியாமல் திகைக்கும் தறிக்காரர் பிள்ளைக்கும் அதுதானே கைத்தடி!

"ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலைப் பளு" என்பார்கள். உண்மைதான். அதனால்தான் அவர் தலையிலே கட்டாதீர்கள் என்கிறோம். பாடத்தை வெளியிடும் நிறுவனமும் பல்கலைக்கழகமும் ஆள் போட்டு, பணம் ஒதுக்கிச் செய்யட்டும்.

இது யாரோ சிலருடைய பிரச்சினை என்று ஒதுங்கி விடாதே, தோழா! விசைத்தறிக் கூடத்திலே ஓயாத இரைச்சல் செவியைத் தின்கிறது. ரிக் வண்டியிலே இரும்புக் குழாய் நழுவினால் கை போகிறது. லாரி கவிழ்ந்தால் கால் போகிறது. உழைப்பவன் உடலுக்குத்தான் ஆபத்து அதிகம். இன்று முழு உடலோடு இருப்பவர், நாளைக்கு இந்தச் சட்டத்தைத் தேடுபவராகலாம்.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தந்தவர் கலைஞர். 2010-ல் தனித்துறையும் கண்டார். 2009-க்குப் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே நாட்டை ஆண்டார். சொல் மாறியது, அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கும் திறனுக்கு வழியும் திறக்க வேண்டும்.

ஆகவே கேட்போம். பாடக்குறிப்பு அனைத்தும் ஒருங்குறி எழுத்திலே வேண்டும். பேசும் பாடம் அனைத்துக்கும் எழுத்து வேண்டும். கணினித் தேர்விலே கூடுதல் நேரத்தை மாணவன் கெஞ்சிப் பெறாமல், பதிவு செய்யும்போதே தரவேண்டும். குறை கேட்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

கிளைக் கழகத் தோழர்களே! உங்கள் தெருவிலே படிப்பைப் பாதியில் விட்ட மாற்றுத்திறனாளிப் பிள்ளை உண்டா என்று விசாரியுங்கள். அந்தப் பிள்ளையின் தாய் தந்தையோடு கல்லூரிக்குப் போங்கள். கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சலுகை கேட்டுப் போகவில்லை. சட்டம் தந்ததைக் கேட்டுப் போகிறீர்கள். தலை நிமிர்ந்தே போங்கள்!