‘அது’ இல்ல... ‘அவங்க’! திருநங்கை முதல் பால்புதுமையினர் வரை: எந்தச் சொல் யாருக்கு?

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஆண், பொண்ணு திருநங்கை. பதிவு அலுவலகத்துக்குப் போனால், பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. அங்கே அலசப்பட்ட முக்கியமான சொல், ‘மணமகள்’. இந்து திருமணச் சட்டத்தில் வரும் அந்தச் சொல்லுக்கு என்றைக்கும் மாறாத ஒரே பொருள் கிடையாது, திருநங்கையும் அதில் அடங்குவார் என்று 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். திருமணத்தைப் பதிவு செய்யவும் உத்தரவிட்டார்.

ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் இரண்டு பேரின் வாழ்க்கையே அடங்கியிருந்தது. ‘எல்.ஜி.பி.டி.க்யூ.ஐ.ஏ பிளஸ்னு எழுத்தை நீட்டிக்கிட்டே போறாங்க, யாரு ஞாபகம் வெச்சுக்கிறது?’ என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

எழுத்துக்கு எழுத்து என்ன பொருள்?

இந்த எழுத்துகள் மூன்று வேறு வேறு விஷயங்களைச் சொல்கின்றன. அதைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, யார் மீது ஈர்ப்பு. ‘எல்’ என்றால் லெஸ்பியன், பெண் மீது ஈர்ப்புள்ள பெண். ‘ஜி’ என்றால் கே, ஆண் மீது ஈர்ப்புள்ள ஆண். ‘பி’ என்பது இருபாலீர்ப்பு. ‘ஏ’ என்பது பாலீர்ப்பு இல்லாதவர்கள்.

இரண்டாவது, தன்னை யாராக உணர்கிறார் என்பது. ‘டி’ இதற்குத்தான். பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்கள் திருநர். இதில் திருநங்கை, திருநம்பி இருவரும் உண்டு.

மூன்றாவது, உடல். ‘ஐ’ என்பது இன்டர்செக்ஸ், தமிழில் ஊடுபால். ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறப்பவர்கள் இவர்கள். மேலே சொன்ன தூத்துக்குடி வழக்கின் தீர்ப்பிலேயே, ஊடுபால் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து ஆணாகவோ பெண்ணாகவோ மாற்றுவதைத் தடுக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அதே 2019-ல் தமிழக அரசு தடை ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு.

மிச்சமிருக்கும் ‘க்யூ’தான் சுவாரசியமானது. ‘குயர்’ என்றால் ஆங்கிலத்தில் விசித்திரம் என்று பொருள். வசைச்சொல்லாக வீசப்பட்டதை, 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் அந்த மக்களே எடுத்துத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். 2025 மே மாதம் வந்த ஒரு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில், இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே சங்கடமாக இருக்கிறது, அவரவர் ஈர்ப்பு அவரவருக்கு இயல்புதானே என்று கேட்கப்பட்டது. அந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் அதே நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். தமிழில் அந்தச் சங்கடம் இல்லை. ‘பால்புதுமையினர்’ என்று சொல்லும்போது விசித்திரம் போய், புதுமை வந்துவிடுகிறது.

தமிழ் கடந்து வந்த தூரம்

பேடி, அலி, அரவாணி, திருநங்கை. இந்த வரிசையே ஒரு வரலாறு. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் அரவான் கதையிலிருந்து வந்தது ‘அரவாணி’. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு அமைத்த நல வாரியத்துக்கும் தொடக்கத்தில் அந்தப் பெயர்தான். முதல்வராக இருந்த கருணாநிதி முன்வைத்த ‘திருநங்கை’ பிறகு நிலைத்துவிட்டது. ‘மூன்றாம் பாலினம்’ என்பதைப் பலர் ஏற்பதில்லை. அப்போ முதல் யாரு, ரெண்டாவது யாரு என்பது அவர்கள் கேள்வி.

‘ஓரினச்சேர்க்கை’ இன்னும் செய்தித் தலைப்புகளில் வருகிறது. ‘சேர்க்கை’ என்றதுமே ஒரு மனிதரின் அன்பு, துணை, குடும்பம் எல்லாம் மறைந்து உடலுறவு மட்டும் மிஞ்சுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ அப்படி இல்லை. இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகை வாடை அடிக்கும் சொல்லை விட மட்டும் நமக்கு ஏன் தயக்கம்?

இதுவும் நீதிமன்றம் வரை போன விஷயம்தான். மதுரையிலிருந்து சென்னைக்குப் பாதுகாப்பு தேடிப்போன இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. இந்த மக்களைப் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளும் அதே ஆண்டு திருத்தப்பட்டன.

பட்டியலுக்கும் முன்னால் ஒரு விகுதி

பட்டியல் வந்தாச்சு, சரி. ஆனால் திருநெல்வேலி ஜங்ஷனிலோ ஒரு டவுன் பஸ்ஸிலோ ஒரு திருநங்கை ஏறினால், ‘அது வருது பாரு’ என்று காதில் விழுகிறதே, அதை எந்த அரசிதழ் திருத்தும்?

இதற்குத் தமிழ் எப்போதோ பதில் சொல்லியிருக்கிறது. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களைத் தொல்காப்பியம் உயர்திணையில் வைக்கிறது. வினைமுடிவும் உயர்திணைக்கு உரியதுதான். அதே நூற்பாவில், அதே விதியோடு தெய்வப் பெயர்களும் வருகின்றன. அஃறிணை போலவும் சொல்லலாம் என்று கதவைத் திறந்துவிட்டது பின்னால் வந்த நன்னூல். தொல்காப்பியரின் ஆசான் என்று மரபு சொல்லும் அகத்தியரின் பொதிகையிலிருந்துதான் தாமிரபரணி புறப்படுகிறது. அந்தத் தண்ணியைக் குடிக்கிற நாம் எந்த இலக்கணத்தை எடுத்துக்கொள்ளப் போகிறோம்?

சொற்கள் இன்னும் மாறும். இன்றைக்குச் சரியாக இருப்பது பத்து வருஷத்தில் பழசாகலாம், அதில் பதற ஒன்றுமில்லை. ஒருவர் தன்னை என்னவென்று சொல்கிறாரோ, அதுவே அவருக்கான சொல். தெரியலையா? ‘உங்களை எப்படிக் கூப்பிடணும்?’ என்று கேட்கலாம். கேட்க வாய்ப்பில்லையா? ஆண், பெண் பேதமே பார்க்காத ‘அவங்க’ நம்ம மொழியில் தயாராக இருக்கிறது. பத்து ஆங்கில எழுத்தை மனப்பாடம் செய்வதைவிட இது சுலபம். ரேஷன் கடை வரிசையிலும் ஆஸ்பத்திரி சீட்டு எழுதும் இடத்திலும் வகுப்பறையிலும் ஒருத்தரை உள்ளே வரவைப்பதும் வெளியே விரட்டுவதும் பல நேரம் அந்த ஒரு விகுதிதான்.