தவம் போதும்

ஆடி மாதம் சங்கரன்கோவிலில் தவசுத் திருவிழா. கோமதி அம்மன் தவசு மண்டபத்தில் காத்திருப்பாள். சாயங்காலம் சங்கரநாராயணர் வந்து காட்சி தருவார். தவமிருக்கும் வேலை அவளுக்கு, காட்சி தரும் வேலை அவருக்கு. இதே ஊரின் சட்டமன்றத் தேர்தல் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அங்கேயும் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட வேலை அதுவாகவே இருந்திருக்கிறது.

1952 முதல் 2011 வரை 14 பொதுத்தேர்தல்கள். காங்கிரஸ் வென்றது, திமுக வென்றது, அதிமுக வென்றது. 1967 முதல் இது தனித்தொகுதி. சுப்பையா, துரைராஜ், தங்கவேலு, கோபாலகிருஷ்ணன், கருப்பசாமி என்று கட்சியும் ஆளும் மாறினார்கள். ஆண் என்பது மட்டும் மாறவில்லை. 1996இல் மாநிலம் முழுக்க அதிமுகவுக்குக் கிடைத்தவை வெறும் 4 இடங்கள். அதில் ஒன்று சங்கரன்கோவில். அத்தனை பெரிய அலையையே எதிர்த்து நின்ற வாக்காளர்கள் இவர்கள். இப்படிப்பட்ட ஊரில் 'பெண்ணை நிறுத்தினால் ஓட்டு விழாது' என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்? விசைத்தறிக்கு நூல் சுற்றுகிற, பீடி சுற்றுகிற, களையெடுக்கிற பெண்களிடம் யாராவது கேட்டார்களா?

பெண்ணுக்கு வழி திறந்தது ஒரு சாவினால். நான்கு முறை தொடர்ந்து வென்ற கருப்பசாமி, அமைச்சராக இருந்தபோதே 2011 அக்டோபரில் இறந்துபோனார். 2012 மார்ச்சில் இடைத்தேர்தல் வந்தது. அமைச்சர் பட்டாளமே ஊருக்குள் வந்து இறங்கியது. அதிமுக நிறுத்திய முத்துச்செல்வி 68,757 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆளுங்கட்சி பலத்தில் வந்த வெற்றி என்பார்கள். இருக்கட்டும். ஆளுங்கட்சி பலத்தில் எத்தனையோ ஆண்கள் வென்று சட்டமன்றம் போயிருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்டதில்லை.

2016இல் முத்துச்செல்விக்கு மறுபடி சீட்டு தரவில்லை. அதே கட்சி ராஜலட்சுமியை நிறுத்தியது. அவரும் வென்றார், அதே ஆண்டு அமைச்சரும் ஆனார். 2021இல் திமுகவின் ராஜாவிடம் 5,297 வாக்குகளில் தோற்றார். அந்தத் தேர்தலில் ஆட்சியே மாறியது. அமமுக வேட்பாளர் ஒருவரே 22,000க்கும் மேல் வாக்குகளைப் பிரித்தார். இத்தனை இருந்தும் 'பொம்பளை நின்னா இப்படித்தான்' என்று சொல்ல ஒரு வாய் கிடைத்துவிடுகிறது. ஓர் ஆண் தோற்றால் தோற்பது வேட்பாளர். ஒரு பெண் தோற்றால் தோற்பது பெண்ணினம்!

முத்துச்செல்வியும் ராஜலட்சுமியும் எங்கிருந்து வந்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இருவருமே சங்கரன்கோவில் நகராட்சித் தலைவராக இருந்தவர்கள். உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்காவிட்டால், குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு என்று ஊரை நடத்திப் பார்க்கும் வாய்ப்பு பெண்களுக்கு யார் கொடுத்திருப்பார்கள்? தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை என்று ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சொன்ன கட்சிகளுக்கு, ஒதுக்கீடு வந்ததும் ஒரே நகராட்சியிலிருந்து இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். பஞ்சம் பெண்களுக்கு இல்லை, கட்சிகளின் மனதுக்குத்தான்.

இதே தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம் பொதுத்தொகுதி. அங்கே 2006லும் 2016லும் ஒரு பெண் வென்றார், பூங்கோதை. அவர் மருத்துவர், அமைச்சராகவும் இருந்தவர். அவருடைய தகுதியில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் முன்னாள் அமைச்சர் ஆலடி அருணாவின் மகள் என்பதையும் மறந்துவிட முடியாது. ஆக, பெண் உள்ளே போக இங்கே இரண்டே வாசல்கள். ஒன்றில் அப்பன் பேர் வேண்டும். இன்னொன்றில் ஒதுக்கீடு வேண்டும். அப்பன் பேர் இல்லாத லட்சக்கணக்கான பெண்களுக்கு இரண்டாவதை விட்டால் வேறு கதி ஏது?

அந்த இரண்டாவது வாசலிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. பெண்களுக்கு இடம் எங்கே என்று கேட்டால் கட்சிகள் தனித்தொகுதியைக் காட்டுகின்றன. தலித்துக்குக் கொடுத்தாயிற்று, பெண்ணுக்கும் கொடுத்தாயிற்று என்று இரண்டு கணக்கையும் ஒரே பெண்ணின் தலையில் கழித்துவிட்டு, பொதுத்தொகுதிகளை ஆண்களுக்காகக் காபந்து பண்ணுகிறார்கள். வென்று வந்த பிறகும் விடுவதில்லை. ராஜலட்சுமிக்குக் கிடைத்த துறை ஆதிதிராவிடர் நலம். 2021இல் ஆட்சி மாறியது. தாராபுரம் தனித்தொகுதியில் வென்ற கயல்விழி செல்வராஜுக்கு முதலில் தரப்பட்டதும் அதே துறை. நிதியும் பொதுப்பணியும் தலித் பெண்ணுக்குப் புரியாது என்று இரண்டு கழகங்களும் பேசி வைத்துக்கொண்டனவா?

2021 சட்டமன்றத் தேர்தலில் 234 பேரில் வென்ற பெண்கள் 12 பேர். 1991இல் 32 பேர் இருந்தார்கள். முப்பது ஆண்டுகளில் நாம் வந்து சேர்ந்த இடம் இது. நாடாளுமன்றத்தில் பெண்கள் மசோதா முதலில் வந்தது 1996இல். நிறைவேறியது 2023 செப்டம்பரில். 27 ஆண்டுகள் காக்க வைத்துவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று சட்டத்துக்குள்ளேயே ஒரு பூட்டையும் வைத்தார்கள்.

எந்தப் பூட்டும் இல்லாத ஒரு வழி உண்டு. வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமைதான் எழுதுகிறது. அதில் பாதிப் பெயர்கள் பெண்களுடையதாக இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நாம் தமிழர் கட்சி 2021இல் 117 பெண்களை நிறுத்தியது. ஒருவரும் வெல்லவில்லை. ஜெயிக்கிற கட்சிகள், ஜெயிக்கிற தொகுதிகளில், பொதுத்தொகுதிகளிலும் தலித் பெண்களை நிறுத்தட்டும். ஒருமுறை வென்றவரை அடுத்த தேர்தலில் கறிவேப்பிலையாகத் தூக்கி எறியாமல் இருக்கட்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சங்கரன்கோவில் பெண்கள் இதைக் கேட்க வேண்டும். கோமதி அம்மனுக்காவது ஆடியில் நாள் குறித்திருக்கிறார்கள், அன்றைக்குக் காட்சி கிடைத்துவிடும். நமக்கு எந்த நாள்? தேதி சொல்லாதவர்களுக்காக இனியும் தவமிருக்க வேண்டியதில்லை.