சர்வகலாசாலைக்குள் போலீஸ் காவல்

2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் 23-ந் தேதி இரவு, சென்னை அண்ணா சர்வகலாசாலையின் மதில்களுக்குள்ளேயே ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நமது வாசகர்கள் மறந்திரார். குற்றம் புரிந்தவன் வெளியிலிருந்து வந்தவன். முன்னரே போலீஸ் தஸ்தாவேஜுகளில் பெயர் ஏறியவன். 2025-ம் வருஷம் ஜூன் 2-ந் தேதி சென்னை மகிளா கோர்ட்டார், 30 வருஷத்துக்குக் குறையாமல் அனுபவிக்கவேண்டிய ஆயுள் தண்டனையை அவனுக்கு விதித்தனர். ஆறு மாதத்துக்குள் வழக்கு முடிந்தது மெச்சத்தக்கதே. ஆயினும், பெண்ணைப் படிக்க அனுப்பிய பெற்றோர்களின் கலக்கம் அத்தீர்ப்பினால் தீர்ந்துவிடவில்லை. கலாசாலைகளுக்குள்ளேயே போலீஸ் காவல் போடவேண்டுமென்று அவர்களிற் பலர் கேட்கின்றனர்.

இக்கோரிக்கையை நாம் எள்ளி நகையாடோம். தர்மபுரியிலோ இராமநாதபுரத்திலோ உள்ள ஒரு குடியானவன், நகையை அடகு வைத்துப் பணம் திரட்டி, முன்பின் அறியாத பட்டணத்துக்குத் தன் மகளை பஸ் ஏற்றி விடுகிறான். அவன் யாரை நம்பி அனுப்புகிறான்? சர்வகலாசாலை என்னும் பெயரை நம்பியன்றோ? அந்நம்பிக்கை பொய்த்தால் போலீஸ் என்னும் சொல்லைத் தவிர வேறொன்றும் அவன் வாயில் வருவதற்கில்லை.

ஆனால் போலீஸார் இவ்விஷயத்தில் செய்தது என்ன என்பதையும் பார்க்கவேண்டும். அம்மாணவி துணிந்து புகார் கொடுத்தாள். அப்புகாரின் மேல் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கை, அவளை இன்னாரென்று காட்டும் விவரங்களுடன் வெளியே கசிந்து ஊரெங்கும் பரவியது. யந்திரக் கோளாறு என்று சமாதானம் கூறப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதே சட்டப்படி குற்றம் என்பதைப் போலீஸாருக்கு நாமா எடுத்துரைக்க வேண்டும்? டிசம்பர் 28-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டார் அவ்வறிக்கையின் வாசகத்தையே கண்டித்து, பெண் அதிகாரிகள் மூவரைக் கொண்ட விசேஷ விசாரணைக் குழுவை நியமித்ததோடு, சர்க்கார் அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் அளிக்கவேண்டுமென்றும் உத்தரவிட்டனர். நம்பிப் போன இடத்திலும் அவளுக்கு ஒரு காயம் ஏற்பட்டது என்பதே இதன் பொருள்.

கலாசாலைகளில் போலீஸ் புகுந்த சரித்திரமும் நமக்குத் தெரியாததல்ல. 1965-ம் வருஷம் ஜனவரியில் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது சிதம்பரத்தில் துப்பாக்கிக்குப் பலியான அண்ணாமலை சர்வகலாசாலை மாணவன் ராஜேந்திரனைத் தமிழ்நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. 2019-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி டில்லி ஜாமியா மில்லியாவில் போலீஸார் நூல்நிலையத்துக்குள் நுழைந்து படித்துக்கொண்டிருந்தோரையும் தடியால் அடித்தனர். மூன்று வாரங்கழித்து, அதே டில்லியில் ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலைக்குள் முகமூடியணிந்த கூட்டமொன்று மாணவர்களையும் உபாத்தியாயர்களையும் தாக்கியபோது, அவர்கள் வாயிலில் நின்றிருந்தனர். அழையாத இடத்தில் புகுவதும், அலறி அழைத்த இடத்தில் தயங்குவதுமான படையை விடுதி வாயிலில் நிரந்தரமாகக் குடியேற்றக் கேட்குமுன் பெற்றோர்கள் சற்று ஆலோசிக்க வேண்டும்.

அப்படியாயின் நிர்வாகிகளின் இஷ்டத்துக்கே விட்டுவிடுவதா? அதுவும் தகாது. ‘கலாசாலையின் சுதந்திரம்’ என்ற அழகிய மொழியைப் புகார்களை அமுக்கும் போர்வையாக்கிக்கொள்ளும் நிர்வாகிகள் உளர். குற்றம் நடந்தால் அன்றே போலீஸுக்குச் செல்லவேண்டும். மூடி மறைக்க எவருக்கும் அதிகாரமில்லை. முன்வழக்குகள் உள்ளவர்களைக் கண்காணிப்பது மதிலுக்கு வெளியே போலீஸார் செய்யவேண்டிய வேலை. விளக்குகள், வாயிற் சோதனை, பெண் காவலர்கள் ஆகியவை நிர்வாகத்தின் கடமை. காமிராக்களைப் பற்றி மட்டும் நமக்கு அவ்வளவு பக்தி இல்லை. அவை நடந்ததைக் காட்டுமேயன்றி நடப்பதைத் தடுப்பதில்லை.

2013-ம் வருஷச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் பெண் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். வருஷந்தோறும் அறிக்கையும் தரவேண்டும். மகளைச் சேர்க்கும் தினத்தில் விடுதியின் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கும் தகப்பனார், அக்குழுவினர் யார், சென்ற வருஷம் எத்தனை புகார்கள் வந்தன, அவை என்னவாயின என்று கேட்பாரேயானால், பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கும் நிர்வாகிகள் விரைவில் திருந்துவர்.

பெற்றோர்களிடமும் நமக்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. காவல் கேட்கும்போதே, மாலை ஆறு மணிக்குப் பெண்கள் விடுதியைப் பூட்டிவிடுங்கள் என்றும் அவர்களிற் சிலர் கேட்கின்றனர். பாதுகாப்பைக் காரணங்காட்டி ஆண்களுக்கில்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதிகளில் விதிக்கலாகாதென்று சர்வகலாசாலை மானியக் கமிஷனின் விதிகளே கூறுகின்றன. குற்றவாளி உலவ, குற்றமற்றவள் அடைபடுவது என்ன நியாயம்? இத்தகைய கயவர்கள் வழக்கமாகப் பிரயோகிக்கும் ஆயுதம் எதுவென்பதைப் பெற்றோர்கள் அறியவேண்டும். ‘உன் வீட்டாருக்குத் தெரிவித்துவிடுவேன்’ என்பதே அது. படிப்பை நிறுத்தி ஊருக்கு அழைத்துக்கொள்வார்களோ என்ற அச்சத்தால் எத்தனையோ பெண்கள் வாய் திறவாதிருக்கின்றனர். என்ன நேர்ந்தாலும் உன் படிப்பு நில்லாது என்று இந்த வாரமே மகளுக்கு ஒரு கடிதம் எழுதுவதற்குப் போலீஸாரின் உதவியோ சர்க்காரின் உத்தரவோ தேவையில்லை.