தீர்ப்பை எழுதாத அட்டை

1975 அக்டோபர் 25 அன்று பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில், ராணுவத்தின் விசாரணைக் கூடம் ஒன்றில் விளாதிமிர் ஹெர்சாக் என்ற பத்திரிகையாளர் இறந்துபோனார். விசாரணைக்கு அழைத்தார்கள் என்று தாமாகவே அங்கே சென்றவர் அவர். தூக்கிட்டுத் தற்கொலை செய்துகொண்டார் என்றது ராணுவம். அதை நம்பாதவர்கள் ஏராளம். உரக்கச் சொன்னவர்கள் சிலர்தான். சில்டோ மெய்ரெலஸ் என்ற கலைஞர் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தார். புழக்கத்தில் இருந்த குருசேரோ நோட்டுகளில் அதைக் குத்தி, கடைகளில் வழக்கம்போலச் செலவழித்தார். ஹெர்சாக்கைக் கொன்றது யார் என்ற கேள்வி மட்டுமே அதில் இருந்தது. அந்த நோட்டு கைக்கு வந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கிழித்தெறிய மனம் வராது, அது காசு. பையில் வைத்திருக்கவும் பயம். எனவே முதல் வேலையாக அதை அடுத்தவர் கையில் தள்ளிவிடுவார். பயந்தவரையே விநியோகிப்பவராக்கிய தந்திரம் இது. கேள்வியின் அமைப்பும் சாமானியமானதல்ல. அது யார்மீதும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் கொலை நடந்திருக்கிறது என்பதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொண்டு, ஆளை மட்டும் கேட்கிறது. கொலையாளியின் பெயரை வாசிப்பவரே மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அரசியல் காட்சிக் கவிதைக்கும் அச்சிட்ட எதிர்ப்பு அட்டைகளுக்கும் உள்ள வலிமை இந்தக் கடைசிப் படியை வாசகரிடம் விட்டுவிடுவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எழுத்தைப் படமாக்குவது நமக்குப் புதிதல்ல. தேர் வடிவிலும் பாம்பு வடிவிலும் சொற்களை அடுக்கிய சித்திரகவி மரபு நம்மிடம் உண்டு. அது பெரும்பாலும் தெய்வத்தையும் புரவலரையும் போற்றவே பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் எழுத்தும் படமும் சேர்ந்த இதே கூட்டணி சண்டைக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த ஆயுதம் வேறு: படம் ஒன்று சொல்லும், வாசகம் வேறொன்று சொல்லும், இரண்டுக்கும் இடையிலிருந்து குற்றச்சாட்டு எழும்.

இதை ஜெர்மனியின் கிளவுஸ் ஷ்டேக்கைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. அவர் சட்டம் படித்த வழக்கறிஞர் என்பது தற்செயலல்ல. 1971இல் ஓவியர் டூரரின் ஐந்நூறாவது பிறந்த ஆண்டை நியூரம்பெர்க் நகரம் கோலாகலமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. டூரர் 1514இல் கரியால் தீட்டிய தம் தாயின் முகத்தை, ஒட்டி உலர்ந்த அந்தக் கிழவியின் முகத்தை, ஷ்டேக் சுவரொட்டியாக்கி நகரெங்கும் ஒட்டினார். இந்தப் பெண்ணுக்கு ஓர் அறை வாடகைக்குக் கொடுப்பீர்களா என்று கீழே கேட்டிருந்தார். வீட்டு உரிமையாளர்களின் மாநாடும் அப்போது அதே ஊரில் நடந்தது. மேதையின் ஓவியமாக அவளை வணங்குவோர் வாடகைதாரராக வந்தால் விரட்டுவார்கள் என்று அவர் எங்கும் எழுதவில்லை. மறு ஆண்டுத் தேர்தலில், சமூக ஜனநாயகக் கட்சி சுவிட்சர்லாந்தில் உங்களுக்குள்ள பங்களாக்களைப் பறிக்கப் பார்க்கிறது என்று ஜெர்மன் தொழிலாளர்களை எச்சரித்தது இன்னொரு சுவரொட்டி. பங்களா ஏது, தொழிலாளிக்கு? எதிர்க்கட்சி கிளப்பிய பீதியை அப்படியே பெரிதாக்கிக் காட்டியதோடு அவர் நிறுத்திக்கொண்டார். சுவரொட்டியாக ஒட்டியதையே மலிவு விலைத் தபால் அட்டையாகவும் அச்சிட்டு விற்றார். அவற்றைத் தடைசெய்யக் கோரி 41 முறை நீதிமன்றம் போனார்கள், ஒருமுறைகூட வெல்லவில்லை. அவதூறு வழக்குக்கு ஒரு திட்டவட்டமான கூற்று வேண்டும். அட்டையில் இருப்பதோ ஒரு முகமும் ஒரு கேள்வியும்.

ஷ்டேக் சமூக ஜனநாயகக் கட்சியின் உறுப்பினராயிற்றே, இது வெறும் தேர்தல் பிரசாரம்தானே என்று கேட்பார்கள். பிரசாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரசாரத்திலும் தரம் உண்டு, அவருடைய அட்டைகளிலேயே அதைப் பார்க்கலாம். சிலியில் நடந்த ராணுவக் கவிழ்ப்பை முன்வைத்து, எதிர்க்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஜனநாயகத்தை எப்படி மதிக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது என்ற பொருளில் ஒரு சுவரொட்டி செய்தார். 1976 மார்ச்சில் பான் நகரில் நாடாளுமன்றத்தாருக்கான மன்றத்தில் கண்காட்சி வைத்தபோது, அக்கட்சி உறுப்பினர்கள் அதைச் சுவரிலிருந்து கிழித்தெறிந்தார்கள். இன்று அந்தச் சுவரொட்டியின் புகழ் பெரும்பாலும் கிழிக்கப்பட்டதால் வந்தது. தீர்ப்பை அதுவே வாசித்துவிட்டது. வாசகருக்கு வேலை வைக்கவில்லை. கிழவியின் முகத்தோடு ஒப்பிட்டால் அது சாதாரணத் துண்டறிக்கைதான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நீதிமன்றங்கள் இயங்கும் நாட்டில் இந்தச் சாமர்த்தியம் செல்லும், சர்வாதிகாரத்தில் செல்லுமா? செல்லாது. உருகுவேயின் காட்சிக் கவிஞர் கிளெமென்டே பாடின் 1974இல் மொன்டேவிடியோவில் படைப்பு அஞ்சலட்டைகளின் கண்காட்சி ஒன்றை நடத்தினார். ராணுவ ஆட்சியின் மனித உரிமை மீறல்களைக் காட்டும் போலித் தபால் தலைகளையும் அச்சிட்டார். 1977 ஆகஸ்டில் அவரும் சக கலைஞர் ஹோர்ஹே கரபாயோவும் கைதானார்கள். ஆயுதப் படைகளை இழிவுபடுத்தினார்கள் என்பது குற்றம். பாடின் 1979 நவம்பரில்தான் வெளியே வந்தார். கேடயமாக அட்டை தோற்றது உண்மை. ஆனால் எங்கும் கேடயமாக நிற்கும் என்று நான் சொல்லவில்லை. அட்டையை ஒரு பாதையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். அவர் அட்டை அனுப்பிப் பழகிய அதே அஞ்சல் கலைஞர்கள், அதே தபால் வழியாக, பல நாடுகளிலிருந்தும் அவருடைய விடுதலையைக் கோரி எழுதினார்கள். அஞ்சலட்டையில் பெறுபவர் பெயரும் அனுப்புபவர் பெயரும் வெளிப்படையாக இருக்கும். தபால் தலைக்குக் காசு கொடுத்து, தன் முகவரியை எழுதி, தணிக்கையாளர் கண்ணில் படட்டும் என்றே திறந்த அட்டையாக அனுப்புவது ஒருவகைக் கையெழுத்து.

நம் கைப்பேசிக்கு நாளும் வந்து குவியும் படத் துணுக்குகளை இந்த மரபின் வாரிசுகள் என்று சிலர் கொண்டாடுகிறார்கள். வடிவம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது: ஒரு முகம், ஒரு வரி, மூலையில் ஒரு கட்சி நிறம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முடிவை முன்பே எழுதிவிட்டு, முகத்தை அதற்குச் சாட்சியாக ஒட்டுகின்றன. ஃபார்வர்டு செய்பவருக்குச் செலவும் இல்லை, சிக்கலும் அநேகமாக இல்லை. யார் செய்தது என்றும் தெரியாது.

இவையெல்லாம் யார் மனத்தை மாற்றின, ஏற்கெனவே நம்பியவரிடமே மறுபடி சொன்னதுதானே என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஒரு சுவரொட்டி எத்தனை வாக்குகளைத் திருப்பியது என்று அளக்க வழியில்லை. அளந்ததாகச் சொல்பவரை நம்பவும் கூடாது. மெய்ரெலஸின் நோட்டு ஹெர்சாக் வழக்கைத் திறந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஹெர்சாக்கின் குடும்பத்தார் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் போராடினார்கள். 2013இல் இறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்டு, ராணுவக் காவலில் நேர்ந்த காயங்களால் இறந்தார் என்று பதிவாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தற்கொலைக் கதையை உள்ளூர நம்பாத ஒருவருக்கு, நம்பாதவர் தாம் மட்டுமில்லை என்பதை மளிகைக் கடையில் வாங்கிய சில்லறை தெரியப்படுத்தியது. அட்டையிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமல்ல.