கரன்ட் வந்தாச்சு, பில் ஏன் வரலை? டேட்டாபேஸ் சர்வரைத் தானாக இயங்கவைக்கும் வழி!

காலை ஒன்பது மணி. மருந்துக்கடையில் ஆறேழு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கரன்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தாகிவிட்டது. ஆனால், பில் போடும் பக்கம் மட்டும் திறக்கவில்லை. கடைக்காரர் வெளியூர்க் கல்யாணத்தில் இருக்கிறார். கவுன்டரில் நிற்கும் பெண் அவருக்கு போன் போடுகிறார்.

"அண்ணா, பில் ஓப்பனே ஆகலை. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எரர்னு வருது."

"ஆரஞ்சு கலர்ல ஒரு ஐகான் இருக்கும்ல, அதைத் திறம்மா. மைஎஸ்க்யூஎல்னு போட்டிருக்கும். பக்கத்துல ஸ்டார்ட்டை அமுக்கு."

"ஆரஞ்சு கலர்ல எதுவும் இல்லையேண்ணா..."

மேளச் சத்தத்தில் மிச்சம் காதில் விழவில்லை. கையால் பில் எழுத ஆரம்பிக்கிறார். எந்த மாத்திரை என்ன விலை என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள், பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

சிறிய கடை, கிளினிக், டியூஷன் சென்டர் என எங்கும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. மெஷினில் பழுது இல்லை. ஒரே ஒரு டிக் போடாமல் விட்டதுதான் காரணம்.

பின்னால் இருப்பது யார்?

திரையில் தெரியும் பில் பக்கம் வெறும் கவுன்டர்தான். மருந்தின் பெயர், விலை, ஸ்டாக், பாக்கிக் கணக்கு எல்லாம் இருக்கும் குடோன்தான் டேட்டாபேஸ். கேட்டதை எடுத்துக் கொடுக்கும் ஆள், டேட்டாபேஸ் சர்வர் என்ற தனி புரோகிராம். அவர் வராவிட்டால் கவுன்டர் திறந்திருந்தும் வியாபாரம் இல்லை.

உள்ளூர் சாஃப்ட்வேர்காரர்கள் செய்துகொடுக்கும் பில்லிங், 'ஸாம்ப்' என்ற இலவசத் தொகுப்பில் ஓடுவதுண்டு. ஆரஞ்சு ஐகான் அதனுடையது. அதில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும், புதிய பதிப்புகளில் உள்ளே இருப்பது மரியாடிபி. இரண்டையும் தொடங்கியவர் மைக்கேல் விடேனியஸ். மூத்த மகள் 'மை' பெயரை முதலாவதற்கும், இளைய மகள் 'மரியா' பெயரை 2009-ல் பிறந்த இரண்டாவதற்கும் வைத்தார்!

எங்கே ஏமாறுகிறோம்?

'ஸ்டார்ட்' பட்டனை அமுக்கினால் சர்வர் அப்போதைக்கு ஓடும். கம்ப்யூட்டர் அணைந்தால் அதோடு சரி. 'கான்ஃபிக்' பகுதியில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒரு வசதி இருப்பதைப் பார்த்துப் பலரும் அதை டிக் செய்து நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால், அந்த ஆரஞ்சு ஐகானை யாராவது திறந்தால்தான் அது வேலை செய்யும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும், பாஸ்வேர்டு போடுவதற்கு முன்பே சர்வர் இயங்க வேண்டுமென்றால், அதை விண்டோஸின் 'சர்வீஸ்' ஆகப் பதிவு செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் இரண்டையும் 'ஸ்டாப்' செய்து, அதை முழுதாக மூடவும்.

2. அதே ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறக்கவும்.

3. இடது ஓரத்தில் 'சர்வீஸ்' என்ற வரிசையில் சிவப்பு பெருக்கல் குறி இருக்கும். மைஎஸ்க்யூஎல்லுக்கு நேராக உள்ளதை அமுக்கி 'யெஸ்' கொடுத்தால் பச்சை டிக் ஆகும். அப்பாச்சிக்கும் இதையே செய்யவும். பில் பக்கத்தைக் காட்டுவது அதுதான்.

4. விண்டோஸ் தேடலில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, பட்டியலில் மைஎஸ்க்யூஎல்லை டபுள் கிளிக் செய்யவும். 'ஸ்டார்ட்டப் டைப்' என்பது 'ஆட்டோமேட்டிக்' ஆக இருக்க வேண்டும். 'ரெக்கவரி' பகுதியில் 'ரீஸ்டார்ட் தி சர்வீஸ்' தேர்வு செய்தால், நடுவில் நின்றுபோனாலும் விண்டோஸே மறுபடி இயக்கிப் பார்க்கும்.

5. இப்போது கம்ப்யூட்டரை 'ரீஸ்டார்ட்' செய்யவும். 'ஷட் டவுன்' செய்து ஆன் செய்வது சரியான சோதனை அல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. வந்ததும் ஆரஞ்சு ஐகானைத் தொடாமல் நேராக பில் பக்கத்தைத் திறக்கவும். திறந்தால் வேலை முடிந்தது.

உபுண்டு கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையில் 'ஸ்டார்ட்' என்றால் இப்போதைக்கு மட்டும். 'எனேபிள்' என்றால் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும்.

இதையும் கவனியுங்கள்

தானாக இயங்குவது வேறு, டேட்டா பத்திரமாக இருப்பது வேறு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் டேட்டாபேஸ் பழுதாகி, சர்வர் இயங்க மறுக்கலாம். அப்போது யாரோ சொன்னார்கள் என்று 'டேட்டா' ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். குறிப்பாக 'ஐபிடேட்டா1' என்ற ஃபைலை அழித்தால் மொத்தக் கணக்கும் போய்விடலாம். முதலில் அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துவிட்டு, சாஃப்ட்வேர்காரரை அழையுங்கள். யூபிஎஸ்ஸும், தினசரி பேக்கப்பும் அவசியம்.

ஸாம்ப், சாஃப்ட்வேர் எழுதிப் பழகுபவர்களுக்காக உருவானது. டேட்டாபேஸுக்குப் பாஸ்வேர்டு இல்லாமலேயே வரும் என்பதால், அதையும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கூட்டம் இல்லாத ஒரு மதிய நேரத்தில் இதைச் செய்யலாம். கவுன்டரில் இருப்பவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்தால், அடுத்த கல்யாணத்தில் போன் அடிக்காது!